ஸ்டெப்னியும் பஞ்சரானால்: குடியரசுத் தலைவர் நாற்காலி காலியாகும்போது

2025 ஜூலை 21 ராத்திரி, குடியரசு துணைத் தலைவர் ஜக்தீப் தன்கர் ராஜினாமா செய்துவிட்டார் என்று செய்தி வந்தது. உடல்நிலையைக் காரணமாகச் சொல்லியிருந்தார். எங்கள் காலேஜ் நண்பர்கள் வாட்ஸப் குழுவில் 'உண்மையான காரணம்' என்னவாக இருக்கும் என்று மெசேஜ் மேல் மெசேஜ். ஒருத்தன் மட்டும் வேறு கேள்வி கேட்டான்: "சரி, இப்ப ஜனாதிபதிக்கு ஏதாச்சும் ஆயிட்டா யாருடா பார்ப்பாங்க?"

"உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி" என்று உடனே பதில் போட்டேன். போட்டித் தேர்வு காலத்தில் மனப்பாடம் செய்தது.

"எந்த ஆர்ட்டிகிள்?"

தேடினேன். எந்த ஆர்ட்டிகிளிலும் இல்லை! இந்தக் கட்டுரை அந்த ராத்திரி தொடங்கிய தேடலின் குறிப்பு. நான் வக்கீல் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு சிஸ்டம் நின்றுபோனால் அடுத்தது எது எடுத்துக்கொள்ளும் என்று யோசிப்பது என் தினசரி வேலை. அந்தப் பழக்கத்தோடுதான் அரசியலமைப்பையும் வாசிக்கிறேன்.

புத்தகத்தில் என்ன இருக்கிறது

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பிரிவு 56: குடியரசுத் தலைவரின் பதவிக்காலம் 5 ஆண்டு. ராஜினாமா செய்ய வேண்டுமென்றால் கடிதத்தைத் துணைத் தலைவருக்கு எழுத வேண்டும். காலம் முடிந்தாலும் அடுத்தவர் வந்து பொறுப்பேற்கும்வரை பழையவரே தொடர்வார். பிரிவு 62: மரணம், ராஜினாமா, பதவிநீக்கம் போன்ற காரணங்களால் இடம் காலியானால் 6 மாதத்துக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும். அப்படி வருபவருக்கு மீதிக் காலம் கிடையாது, முழு 5 ஆண்டு. பிரிவு 65: இடைப்பட்ட காலத்தில் துணைத் தலைவர் குடியரசுத் தலைவராகச் செயல்படுவார். பிரிவு 70: இந்த அத்தியாயத்தில் சொல்லப்படாத வேறு நிலைமை வந்தால், நாடாளுமன்றம் தனக்குச் சரியெனப் படும் ஏற்பாட்டைச் சட்டமாகச் செய்துகொள்ளலாம்.

அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ரொம்பப் பழக்கமான ஏற்பாடு. சங்ககிரியில் என் தாய்மாமன் லாரி வைத்திருந்தார். நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் ஸ்டெப்னி இல்லாமல் யாரும் லோடு ஏற்ற மாட்டார்கள். மாமா சொல்வார்: "ஸ்டெப்னிய மாட்டியாச்சுன்னா அடுத்த வேலை பஞ்சர் கடை தேடறதுதான் கண்ணு. டீக்கடை இல்ல." மாட்டிய நிமிஷத்தில் அது ஸ்டெப்னி இல்லை, ஓடுகிற டயர். வண்டியில் இப்போது ஸ்டெப்னி இல்லை.

பிரிவு 65 டயரை மாட்டச் சொல்கிறது. மாட்டிய பிறகு என்ன என்பதை பிரிவு 70 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டது.

1969

அந்தப் 'பிறகு' 1969-ல் வந்தது. மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். அப்படி இறந்த முதல் குடியரசுத் தலைவர் அவர். துணைத் தலைவர் வி.வி.கிரி பொறுப்பேற்றார். அப்போதுதான் டெல்லிக்கு உறைத்தது: கிரிக்கு ஏதாவது ஆனால் யார்? 1950-லிருந்து பிரிவு 70-ன் கீழ் இதற்கு ஒரு சட்டம் போடப்படவில்லை. அவசரமாக ஒன்று கொண்டுவந்து மே 28-ல் நிறைவேற்றினார்கள். 'குடியரசுத் தலைவர் பணிகளை ஆற்றுதல் சட்டம், 1969'. இரண்டு பதவிகளும் காலியானால் தலைமை நீதிபதி, அவர் இல்லாவிட்டால் உச்ச நீதிமன்றத்தில் கிடைக்கக்கூடிய மிக மூத்த நீதிபதி. நான் மனப்பாடம் செய்த பதிலின் ஊற்று இந்தக் குட்டிச் சட்டம்தான். மரணம் நடந்து 25-ஆம் நாள் பிறந்தது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அது தேவைப்பட்டுவிட்டது. கிரி குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்க முடிவு செய்து ஜூலை 20 அன்று ராஜினாமா செய்தார். தலைமை நீதிபதி எம்.ஹிதாயத்துல்லா பொறுப்புக் குடியரசுத் தலைவரானார். ஆகஸ்ட் 24 வரை 35 நாள்.

இங்கே ஒரு விசித்திரம். துணைத் தலைவரின் ராஜினாமா குடியரசுத் தலைவருக்குப் போக வேண்டும் (பிரிவு 67). குடியரசுத் தலைவரின் ராஜினாமா துணைத் தலைவருக்குப் போக வேண்டும் (பிரிவு 56). ஜூலை 20 அன்று முதல் பதவி காலி. இரண்டாவது பதவியில் இருப்பவர்தான் ராஜினாமா செய்கிறார். கடிதத்தைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் அரசியலமைப்பின் வாசகப்படி ஆளே இல்லை. இரண்டு ஃபங்ஷன் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு, இரண்டுமே இல்லாமல் போனால் எப்படி இருக்குமோ அப்படி. 1969-ல் நடைமுறையில் சமாளித்துவிட்டார்கள். எழுத்தில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது.

'ரப்பர் ஸ்டாம்ப் பதவிக்கு எதுக்குங்க இவ்வளவு கவலை?' என்று கேட்கலாம். தேதிகளைப் பாருங்கள். 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கிய அவசரச் சட்டத்தில் கிரி கையெழுத்திட்டது ஜூலை 19. மறுநாள் ராஜினாமா. அந்த அவசரச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு ஆகஸ்ட் 9-ல் ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர் ஹிதாயத்துல்லா. சுதந்திர இந்தியாவின் மிகப் பெரிய பொருளாதார முடிவுகளில் ஒன்று, குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படாத இரண்டு பேரின் கையெழுத்தில் நடந்தது. அவர்கள் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. பொறுப்பில் இருப்பவருக்கும் முழு அதிகாரம் உண்டு. அதனால்தான் பொறுப்பில் யார் வருகிறார் என்பது முக்கியமாகிறது.

என் முதல் குற்றச்சாட்டு தவறு

இந்தக் கட்டுரையின் முதல் வரைவில் 'அரசியலமைப்பை எழுதியவர்கள் இரட்டைக் காலியிடத்தை யோசிக்கவே இல்லை' என்று எழுதி வைத்திருந்தேன். அதை அடிக்க வேண்டியதாகிவிட்டது.

ராஜேந்திர பிரசாத் 1950 ஜனவரி 26-ல் பதவியேற்றார். முதல் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் வந்தது 1952 மே 13. நடுவில் இரண்டு ஆண்டுக்கு மேல் துணைத் தலைவரே கிடையாது. 'ஆஹா, ஸ்டெப்னி இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள்!' என்று சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன். பிறகு 1950-ன் மூல வாசகத்தை எடுத்துக் கடைசிப் பக்கங்களில் இருக்கும் இடைக்கால ஏற்பாடுகளைப் படித்தேன். பிரிவு 380. அரசியல் நிர்ணய சபை தேர்ந்தெடுத்த முதல் குடியரசுத் தலைவரின் இடம் காலியானால் இடைக்கால நாடாளுமன்றம் புதியவரைத் தேர்ந்தெடுக்கும், அதுவரை தலைமை நீதிபதி குடியரசுத் தலைவராகச் செயல்படுவார் என்று தெளிவாக இருக்கிறது.

ஆக, அவர்கள் யோசித்தார்கள். ஆனால் தற்காலிக ஏற்பாடாக மட்டும். 1956-ல் ஏழாவது திருத்தம் வேலை முடிந்துபோன இடைக்காலப் பிரிவுகளை மொத்தமாக நீக்கியபோது 380-உம் போய்விட்டது. 13 ஆண்டு கழித்து அவசரம் வந்தபோது அதே யோசனை சாதாரணச் சட்டமாகத் திரும்பி வந்தது. எங்கள் தொழிலில் இதை அடிக்கடி பார்ப்போம். ஆரம்ப நாட்களுக்காகப் போட்ட ஒட்டுவேலையை ஒருத்தர் சுத்தம் செய்துவிடுவார். பிறகு நடுராத்திரியில் சிஸ்டம் விழும்போது இன்னொருத்தர் அதையே திரும்ப எடுத்து ஒட்டுவார். அதுவே நிரந்தரமாகிவிடும்.

எனவே என் விமர்சனத்தை மாற்றிக்கொள்கிறேன். மறதி பெரிய குற்றமில்லை. 1950-ல் வேறு ஆளில்லாததால் தலைமை நீதிபதியை நிறுத்தினார்கள், அது புரிகிறது. இரு அவைகள், சபாநாயகர், மாநிலங்களவைத் துணைத் தலைவர் என்று எல்லாம் வந்தபிறகும் 1969-ல் அதே ஆளை நிறுத்தியதுதான் கேள்விக்குரியது. அதற்குப் பிறகு 56 ஆண்டாக யாரும் அதைத் திரும்பிப் பார்க்காதது இன்னும் மோசம்.

தலைமை நீதிபதி ஏன் சரியான ஆள் இல்லை

மூன்று காரணம் சொல்கிறேன்.

ஒன்று. கையெழுத்துப் போடுபவரே தீர்ப்பும் சொல்லும் இடத்தில் இருக்கிறார். வங்கி நாட்டுடைமைச் சட்டத்தை எதிர்த்து ஆர்.சி.கூப்பர் தொடுத்த வழக்கில் 1970 பிப்ரவரி 10-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. 11 நீதிபதிகள் அமர்வு. தலைமை வகித்தவர் ஜே.சி.ஷா. தலைமை நீதிபதியாக இருந்த ஹிதாயத்துல்லா அந்த அமர்வில் இல்லை. அவர் ஒப்புதல் அளித்த சட்டத்தை அவரே விசாரிப்பது முறையாகாது. நாட்டின் பெரிய வழக்குகளில் ஒன்று தலைமை நீதிபதி இல்லாமல் நடந்தது இந்த ஏற்பாட்டின் விலை. அது மட்டுமில்லை, குடியரசுத் தலைவர் தேர்தல் பற்றிய தகராறும் பிரிவு 71-ன்படி உச்ச நீதிமன்றத்துக்குத்தான் வரும். 1969 தேர்தல் மிக நெருக்கமானது. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகு கிரிக்கு 4,20,077, நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 4,05,427. வழக்கும் வந்தது.

இரண்டு. அந்த நாற்காலியே எப்போதும் சச்சரவுக்கு அப்பாற்பட்டது கிடையாது. 1977 பிப்ரவரி 11-ல் பக்ருதீன் அலி அகமது காலமானார். நெருக்கடி நிலை இன்னும் விலக்கப்படவில்லை, தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்தது. துணைத் தலைவர் பி.டி.ஜாட்டி பொறுப்பேற்று ஜூலை 25 வரை இருந்தார். அவருக்கு அடுத்த ஸ்டெப்னி யார்? தலைமை நீதிபதி எம்.எச்.பெக். எச்.ஆர்.கன்னாவின் மூப்பைத் தாண்டி அதற்கு முந்தைய மாதம்தான் அவர் நியமிக்கப்பட்டிருந்தார். ஆட்சியிலிருப்பவர் தேர்ந்தெடுத்த நீதிபதி, ஆட்சி மாறுகிற தேர்தலில் அடுத்த பிரதமரை அழைக்கும் இடத்துக்கு ஒரு உயிர் தூரத்தில் இருந்தார். அந்தச் சமயத்தில் அந்த நாற்காலி வெறும் அலங்காரமில்லை என்பதற்கு ஜாட்டியே சாட்சி. 9 மாநிலச் சட்டசபைகளைக் கலைக்கும் புதிய அரசின் பரிந்துரையில் கையெழுத்திட முதலில் தயங்கினார், பிறகு ஏப்ரல் 30-ல் இட்டார்.

மூன்று. பதவிநீக்கம். குடியரசுத் தலைவரை நீக்க பிரிவு 61: குற்றச்சாட்டு, விசாரணை, அவையின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு. துணைத் தலைவரை நீக்க மாநிலங்களவையின் பெரும்பான்மைத் தீர்மானமும் மக்களவையின் சம்மதமும் போதும், குற்றம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அவர் குடியரசுத் தலைவராகச் செயல்படும்போது எந்த விதி? 65 அதைச் சொல்லவில்லை. அரசுக்குப் பிடிக்காத கையெழுத்தை மறுக்கும் பொறுப்புத் தலைவரைச் சுலபமான வழியில் நீக்கப் பார்க்கலாம் என்று யாராவது வாதிட்டால் என்ன பதில்? தலைமை நீதிபதி விஷயம் இன்னும் வேடிக்கை. பிரிவு 124-ன்படி உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்க, நாடாளுமன்றம் தீர்மானம் போட்டபிறகு குடியரசுத் தலைவர் ஆணையிட வேண்டும். அவரே பொறுப்புக் குடியரசுத் தலைவராக இருந்தால் தன்னை நீக்கும் ஆணையில் தானே கையெழுத்திட வேண்டும்! முடிவில்லாத லூப்.

ஹிதாயத்துல்லா மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அந்த 35 நாளை, நிக்சன் வருகை உட்பட, கண்ணியமாக நடத்திக் கொடுத்தார். பின்னாளில் துணைத் தலைவராகி, 1982 அக்டோபரில் ஜெயில் சிங் சிகிச்சைக்காக அமெரிக்கா போனபோது மறுபடியும் பொறுப்பு வகித்தார். இரண்டு வழியிலும் அந்த நாற்காலிக்கு வந்த ஒரே ஆள் அவர்தான். நல்ல ஆள் அமைந்ததால் தப்பித்தோம். அதை வைத்து ஏற்பாடே நல்லது என்று முடிவு கட்டக்கூடாது.

இது அபூர்வமான நிலைமை இல்லை

'இரண்டும் ஒரே நேரத்தில் காலியாவது எப்போதோ ஒருமுறை' என்பார்கள். துணைத் தலைவர் பதவி எத்தனை முறை காலியாக இருந்தது என்று உட்கார்ந்து எண்ணினேன்.

1969: கிரி ராஜினாமா முதல் ஜி.எஸ்.பாதக் வரும்வரை, 42 நாள்.
1987: ஆர்.வெங்கட்ராமன் குடியரசுத் தலைவரானது முதல் சங்கர் தயாள் சர்மா வரும்வரை, 40 நாள்.
1992: சர்மா உயர்ந்தபோது, கே.ஆர்.நாராயணன் வரும்வரை 27 நாள்.
1997: நாராயணன் உயர்ந்தபோது, கிருஷ்ண காந்த் வரும்வரை 27 நாள்.
2002: கிருஷ்ண காந்த் ஜூலை 27-ல் பதவியிலிருக்கும்போதே காலமானார். அப்துல் கலாம் குடியரசுத் தலைவராகி இரண்டே நாள். பைரோன் சிங் ஷெகாவத் வரும்வரை 23 நாள்.
2007: ஷெகாவத் ராஜினாமா முதல் ஹமீத் அன்சாரி வரும்வரை, 21 நாள்.
2025: தன்கர் ராஜினாமா முதல், செப்டம்பர் 12-ல் நம்ம திருப்பூர்க்காரர் சி.பி.ராதாகிருஷ்ணன் பதவியேற்கும்வரை, 53 நாள்.

மொத்தம் ஏழு முறை, 233 நாள். இதில் 1969-ல் மட்டுமே மேல் பதவியும் காலி. மற்ற ஆறு முறையும் ஒரே ஒரு உயிரை நம்பித்தான் ஓடியிருக்கிறோம். இதற்கு முக்கியக் காரணம் பிரிவு 68. குடியரசுத் தலைவர் இடத்தை நிரப்ப '6 மாதம்' என்று கெடு வைத்தவர்கள், நடுவில் காலியாகும் துணைத் தலைவர் இடத்தை நிரப்ப 'கூடிய விரைவில்' என்று மட்டும் எழுதினார்கள். மாமா பாஷையில், டீக்கடையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

'முடியவில்லை' என்று யார் சொல்வது?

பிரிவு 65-ன் இரண்டாம் பகுதி, குடியரசுத் தலைவர் நோயாலோ இல்லாமையாலோ பணியாற்ற இயலாதபோது துணைத் தலைவர் பார்த்துக்கொள்வார் என்கிறது. இயலவில்லை என்று முடிவு செய்வது யார்? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1961-ல் ராஜேந்திர பிரசாத் நோயுற்றபோது ராதாகிருஷ்ணன் பார்த்துக்கொண்டார், பிரச்சினை எழவில்லை. ஆனால் நினைவில்லாமல் படுத்திருக்கும் ஒருவர் 'என்னால் முடியவில்லை' என்று எப்படி எழுதிக் கொடுப்பார்?

தமிழ்நாட்டுக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். முதலமைச்சர் விஷயத்திலும் இதே மௌனம்தான். 2016 செப்டம்பர் 22-ல் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 5 வரை 75 நாள் முதலமைச்சராகவே இருந்தார். அக்டோபர் 11-ல் அவருடைய துறைகளை ஓ.பன்னீர்செல்வத்திடம் ஒப்படைக்க ஆளுநர் பயன்படுத்தியது பிரிவு 166(3), அதாவது துறைப் பங்கீட்டு விதி. 'இயலாமை'க்கென்று விதி இல்லாததால் கையில் கிடைத்த ஸ்பேனரை வைத்துத் திருகினார்கள். அந்த 75 நாளும் நம்ம ஊர் டீக்கடைகளில் ஓடிய வதந்திகளுக்கு ஒரு காரணம், உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை சட்டப்படி யாருக்கும் இல்லாததுதான்.

அமெரிக்காவில் 1919-ல் உட்ரோ வில்சன் பக்கவாதத்தில் விழுந்து பதவியிலேயே நீடித்தார். 1963-ல் கென்னடி கொலை. இவற்றுக்குப் பிறகு 1967-ல் வந்த 25-ஆவது திருத்தம், துணை அதிபரும் அமைச்சர்களில் பெரும்பான்மையினரும் எழுதிக் கொடுத்தால் அதிபர் இயலாதவர், அதிபர் மறுத்தால் காங்கிரஸ் முடிவு செய்யும் என்று நடைமுறையை எழுதிவைத்தது. துணை அதிபர் இடம் காலியானால் நிரப்பும் வழியையும் அதே திருத்தம் கொடுத்தது.

பக்கத்து வீட்டில்

இலங்கையில் 2022 ஜூலையில் நாம் டிவியில் பார்த்தோம். 9-ஆம் தேதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13-ல் கோட்டாபய ராஜபக்ச மாலத்தீவு போனார். பிரதமர் ரணில் பதில் ஜனாதிபதி. 14-ல் சிங்கப்பூரிலிருந்து ராஜினாமா. 20-ல் நாடாளுமன்றம் வாக்களித்தது: ரணில் 134, டலஸ் அழகப்பெரும 82, அநுர குமார திசாநாயக்க 3. அவர்கள் அரசியலமைப்பின் 40-ஆவது பிரிவு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது: ஒரு மாதத்துக்குள் தேர்வு, பிரதமரால் முடியாவிட்டால் சபாநாயகர், புதியவருக்கு மீதிக் காலம் மட்டும். 1993 மே 1-ல் பிரேமதாச கொல்லப்பட்டபோதும் ஒரே வாரத்தில், மே 7-ல், டி.பி.விஜேதுங்க தேர்வானார்.

சட்டம் கச்சிதமாக வேலை செய்தது. ஆனால் வீதியில் நின்ற மக்கள் 'ரணிலும் போகணும்' என்றுதான் கேட்டார்கள். ஓட்டையில்லாத விதி நியாயமான முடிவைத் தரும் என்று உத்தரவாதமில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். விதி தருவது குழப்பமின்மை. அந்த நேரத்தில் அதுவே பெரிய விஷயம்.

குமாரமங்கலத்துக்காரர்

ஆளுநர் நிலை இதைவிட மோசம். துணை ஆளுநர் என்று ஒருவர் மாநிலத்துக்குக் கிடையாது. பிரிவு 160, எதிர்பாராத நிலைமையில் குடியரசுத் தலைவர் தகுந்த ஏற்பாடு செய்யலாம் என்று மட்டும் சொல்கிறது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலத்துக்காரரான டாக்டர் ப.சுப்பராயன், சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சராக இருந்தவர், அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினர். 1962 ஏப்ரலில் மகாராஷ்டிர ஆளுநரானார். அக்டோபர் 6-ல் பதவியிலிருக்கும்போதே காலமானார். அரசியலமைப்பை உருவாக்கிய சபையில் இருந்தவரே அது வெறுமையாக விட்ட இடத்தில் போய் நின்றார். விஜயலட்சுமி பண்டிட் அடுத்த ஆளுநராக வந்தது நவம்பர் இறுதியில்.

அங்கேயும் வழக்கமான ஒட்டுவேலை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிதான். நம்மிடமே 1957-58-ல் பி.வி.ராஜமன்னார், 1980-ல் கம்பனில் தோய்ந்த மு.மு.இஸ்மாயில் ஆகியோர் பொறுப்பு ஆளுநராக இருந்தார்கள். இதற்கு மாறான பழைய வழக்கம் ஒன்றும் உண்டு. 1947 நவம்பரில் மவுண்ட்பேட்டன் இளவரசி எலிசபெத் கல்யாணத்துக்கு லண்டன் போனபோது பொறுப்பு கவர்னர் ஜெனரலாக இருந்தவர், ஒரு காலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி. அப்போது அவர் மேற்கு வங்க ஆளுநர். நீதிமன்றத்தைத் தொடாமல் நிர்வாகத்துக்குள்ளேயே ஆள் எடுத்தார்கள்.

என்ன செய்யலாம்

பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். 1969 சட்டம் சாதாரணச் சட்டம்தான், சாதாரணப் பெரும்பான்மையில் திருத்தலாம். தலைமை நீதிபதிக்கு முன்னால் மாநிலங்களவைத் துணைத் தலைவரையும் பிறகு சபாநாயகரையும் வைக்கலாம். அவர்கள் கட்சிக்காரர்கள் என்பது நியாயமான ஆட்சேபணை. ஆனால் குடியரசுத் தலைவரும் துணைத் தலைவரும்கூடக் கட்சிகள் நிறுத்தி வந்தவர்கள்தான். அவர்களைத் தேர்ந்தெடுத்தது மக்கள் பிரதிநிதிகள், நீக்கவும் அவர்களால் முடியும். பொறுப்பில் இருப்பவரை எந்த விதிப்படி நீக்குவது, இயலாமையை யார் எந்த மருத்துவச் சான்றோடு முடிவு செய்வது என்பதையும் எழுதிவிடலாம். பிரிவு 68-ல் '60 நாள்' என்று கெடு வைக்க அரசியலமைப்புத் திருத்தம் தேவை. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் போதும், மாநிலங்களின் ஒப்புதல்கூட வேண்டாம்.

செய்வார்களா? 1969 மே மாதத்தில் 25 நாளில் செய்தார்கள், ஏனென்றால் டயர் ஏற்கெனவே வெடித்திருந்தது. இப்போது துணைத் தலைவர் வந்துவிட்டார், ஸ்டெப்னி வண்டியில் இருக்கிறது, யாருக்கும் அவசரமில்லை. பழுதைச் சரிபார்க்க நல்ல நேரம் வண்டி நிற்கும்போதுதான் என்பது சங்ககிரியில் எல்லா ஷெட்டுக்கும் தெரியும்.

அன்றைக்குக் கேள்வி கேட்ட நண்பனுக்கு இந்தக் கட்டுரையைத்தான் பதிலாக அனுப்புகிறேன். ஆர்ட்டிகிள் நம்பர் எதுவும் இல்லைடா, 1969-ல் போட்ட ஒட்டு.